சிவப்புப் பலகைக்கு அங்கால்

2010ஆம் ஆண்டு ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்களுக்கு முகமாலை மறந்திருக்காது. ஆனையிறவு தாண்டி, பளையும் தாண்டியதும் இரண்டு பக்கமும் தலையில்லாத பனைகள், வீதிக் கரையோடு ஓடும் நாடா, நாடாவுக்குப் பின்னால் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். நான் போன பஸ் சரியாக அந்த இடத்தில் டயருக்குக் காற்றுப் போய் நின்றது. இரண்டு மூன்று ஆண்கள் வழக்கம்போலக் கரைக்கு ஒதுங்கப் போக, கொண்டக்டர் ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "அண்ணை, தாரை விட்டு இறங்காதேங்கோ!" என்று கத்தினார். அவர்கள் தார் முடியும் விளிம்பில் செருப்பு நுனி வெளியே போகாமல் வரிசையாக நின்றுகொண்டு காரியத்தை முடித்தார்கள். பஸ்ஸுக்குள் சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான். பிறகுதான் யோசித்தேன், ஏ-9 திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டிருந்தனவே, அப்படித் திறந்தது எது என்று. திறந்தது அந்தத் தார் மட்டும். அதன் இரண்டு பக்கமும் இருந்த ஊர்கள் இன்னும் பூட்டித்தான் கிடந்தன.

மிதிவெடி பற்றிய பேச்சு அநேகமாகக் காலில்தான் தொடங்கும். ஜெய்ப்பூர் கால், ஊன்றுகோல், ஆஸ்பத்திரிக் கட்டில். அது நியாயம்தான். ஆனால் ஒரு மிதிவெடி ஒருவருடைய காலை எடுப்பதற்கு முன்பே, பல வேளை யாருடைய காலையும் எடுக்காமலே, ஒரு ஊரின் நடையை எடுத்துவிடுகிறது. கிணற்றுக்குப் போகும் ஒழுங்கை, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கால் போகும் வழி, மாடு மேயும் தரவை, விறகு பொறுக்கும் பற்றைக்காடு எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போகும். உண்மையில் அதைப் புதைப்பதன் நோக்கமே அதுதான். இராணுவக் கணக்கில் மிதிவெடி என்பது ஆள் போட்டுக் காவல் காக்க முடியாத இடத்துக்கு ஒரு வேலி. எதிரி இந்தப் பக்கத்தால் வரக்கூடாது, வந்தாலும் மெதுவாக வரவேண்டும், அவ்வளவுதான். வேலி போட்டவன் போன பிறகும் வேலி வேலை செய்துகொண்டிருக்கும் என்பதுதான் பிரச்சினை. அதற்குச் சமாதான ஒப்பந்தமும் தெரியாது, எதிரி யார், விறகுக்கு வந்த மனுசி யார் என்ற வித்தியாசமும் தெரியாது.

ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்பார்கள். ஈழத்தில் மனிதரைக் குறிவைக்கும் சின்ன வெடிக்கு மிதிவெடி என்றும், வாகனத்துக்கு வைப்பதைக் கண்ணிவெடி என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். இந்தப் பிரிப்பு பயனுள்ளது. வாகனத்துக்கு வைப்பது பொதுவாக நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுந்தால்தான் வெடிக்கும், ஆகையால் அதற்கு மேலால் சைக்கிளில் வருடக்கணக்காகப் போய் வந்துவிட்டு, ஒரு நாள் உழவு மெஷின் போகும்போது விபரீதம் நடக்கலாம். மிதிவெடிக்குச் சில கிலோ போதும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பாதம் போதும்.

சரி, வன்னியில் ஏன் இவ்வளவு? முகமாலையையே எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்தது. அதற்குப் பிறகு சில மாதம் சண்டை சாவகச்சேரி வரை போய்வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு தரப்பும் குடாநாட்டின் கழுத்தில் நேருக்கு நேர் நின்றுவிட்டன. கிளாலிக் கடனீரேரியில் தொடங்கி, முகமாலை வழியாக, கிழக்கே நாகர்கோவில் கடற்கரை வரை ஒரு கோடு. 2009 ஜனவரியில் இராணுவம் அதைத் தாண்டிப் போகும் வரை அந்தக் கோடு பெரிதாக அசையவில்லை. எட்டு வருடம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பழைய வெடிகளுக்கு முன்னால் புதிய வெடிகள், மண் அணைகளின் அடியில் வெடிகள், அணை சரிந்தால் அதற்கு மேல் இன்னொரு வரிசை. போதாததற்கு விழுந்து வெடிக்காத செல்களும் கைக்குண்டுகளும். உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் முகமாலையைச் சொல்வது மிகைப்பேச்சு இல்லை. ஒரு தரப்பு பாகிஸ்தான், சீனத் தயாரிப்பான பிளாஸ்டிக் வெடிகளைப் புதைத்தது. மற்றத் தரப்பு தானே செய்த, ஜொனி என்று பெயரிட்ட மரப்பெட்டி மிதிவெடியைப் புதைத்தது. இராணுவம் புதைத்தவற்றுக்குப் பெரும்பாலும் பதிவும் வரைபடமும் இருந்தன, அவை பின்னர் அகற்றும் நிறுவனங்களின் கைக்கு வந்தன. புலிகள் புதைத்தவற்றைப் பொறுத்தவரை, புதைத்த ஆட்களில் பலர் உயிரோடு இல்லை, இருந்தவர்களும் வாய் திறக்கப் பயந்தார்கள். வரைபடம் இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்றும் இல்லை. மணல் நிலத்தில் மாரி வெள்ளம் வெடியைத் தூக்கி வேறிடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும், ஜொனியின் மரப்பெட்டி உக்கிப்போய் உள்ளே இருப்பது மட்டும் கிடக்கும்.

இதற்குள் நடமாட்டம் எங்கே வருகிறது? வடக்கில் நடமாட்டத்தைத் தடுக்க மிதிவெடி ஒருபோதும் தனியாக நின்றதில்லை. அதற்கு முன்னும் பின்னும் எப்போதும் ஒரு கடதாசி இருந்தது. தொண்ணூறுகளில் வவுனியாவில் தங்குவதற்கும் தாண்டுவதற்கும் பாஸ். வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ், அதற்குப் பிணை நிற்க ஒரு ஆள். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் கையெழுத்தாகி ஏப்ரலில் ஏ-9 திறந்தபோதுகூட ஓமந்தையில் இறங்கி, புளியங்குளத்தில் இறங்கி, முகமாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் பையைத் திறந்து காட்டிக்கொண்டு. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை வெடித்து வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போகக் கப்பலோ விமானமோதான் வழி, அதற்கும் முதலில் இராணுவத்தின் கிளியரன்ஸ். கடைசிக் கட்டத்தில் சனத்தை வெளியே போகவிடாமல் புலிகள் மறித்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை.

2009 மே மாதத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் சிக்கலானது. வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம். முகாம்கள் எல்லாவற்றிலுமாக மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம், சுற்றிவர முள்ளுக்கம்பி. ஏன் வெளியே விடவில்லை என்று கேட்டபோது அரசாங்கம் இரண்டு காரணம் சொன்னது. ஒன்று, புலிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். மற்றது, ஊர்களில் மிதிவெடி இருக்கிறது, அகற்றாமல் அனுப்ப முடியாது. இரண்டாவது காரணம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது, வெடி இருந்தது உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஊருக்குள் வெடி இருந்தால் ஊருக்குப் போகத்தான் தடை வரவேண்டும். வவுனியாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கும் மன்னாரில் இருக்கும் மாமா வீட்டுக்கும் போக ஏன் தடை? அங்கே என்ன மிதிவெடி? தன் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமை ஒன்று, இருக்கிற இடத்திலிருந்து வெளியே நடக்கும் உரிமை வேறொன்று, இரண்டையும் ஒரே பூட்டால் பூட்டினார்கள். 2009 டிசம்பர் 1ஆம் திகதிதான் முகாமிலிருந்து போய்வர அனுமதி வந்தது, அதுவும் நாள் குறித்த பாஸோடு. மெனிக் பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

அகற்றும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெரிய வீதிகள், அதன் பின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரச கட்டடங்கள், அப்புறம் குடியிருப்புக் காணிகளும் கிணறுகளும், பிறகு வயல், தோட்டம், கடைசியில் மேய்ச்சல் தரையும் காடும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, வேறு விதமாகச் செய்யவும் ஏலாது. ரயில் பாதையைப் பாருங்கள். ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளமே இல்லாமல் கிடந்த பாதையில் முதலில் வெடி எடுத்து, அப்புறம் இந்திய நிறுவனம் இர்கொன் தண்டவாளம் போட்டு, 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 மார்ச்சில் பளைக்கும் அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தது. யாழ்தேவி திரும்ப வந்த அன்று அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ரயில் முகமாலைக்குள்ளால் ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே கவசம் போட்ட பெண்கள் முழந்தாளில் இருந்து வெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒருவர் ஏழெட்டு மணி நேரத்தில் போகலாம். முகமாலைக்காரர் தன் வீட்டு வாசலிலிருந்து தன் தென்னந்தோட்டத்துக்கு இருநூறு மீற்றர் போக முடியாது. இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே இடத்தில்.

அந்த வரிசையில் யாருடைய நடை கடைசியில் விழுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். வீதி தேவைப்படுவது வாகனம் வைத்திருப்பவருக்கும் வியாபாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் இராணுவத்துக்கும். காடு தேவைப்படுவது விறகு பொறுக்கி விற்பவருக்கு, தேன் எடுப்பவருக்கு, பாலைப்பழக் காலத்தில் பழம் ஆய்பவருக்கு, நாலு மாடு வைத்திருப்பவருக்கு. அவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்க முடியாதவர்கள். அதனால்தான் போருக்குப் பிந்திய விபத்துகளில் நிறைய, தெரியாமல் போய் மிதித்தவை அல்ல, தெரிந்துகொண்டே போய் அகப்பட்டவை. பழைய இரும்பு இன்னொரு கதை. போர் முடிந்த புதிதில் வன்னியில் காசு கையில் புழங்கிய ஒரே சரக்குப் பழைய இரும்புதான் என்று சொன்னாலும் தப்பில்லை. இரும்பு பொறுக்கப் போனவர்கள் கையில் எடுத்தது செல்லா, வெறுங்கோதா என்று பிரித்தறிவது அனுபவத்தில். அனுபவம் ஒரு தடவை பிழைத்தால் போதும். "போகாதே" என்ற விழிப்புணர்வு வகுப்பு எவ்வளவு நடத்தினாலும், போகாமல் இருப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரியாத ஒன்று: திரும்பக் கையளிக்கப்படும் காணியில் பெரும் பங்கு தோண்டி எடுத்து விடுவிக்கப்படுவதில்லை. விசாரித்து விடுவிக்கப்படுகிறது. போர் முடிந்ததும் முதல் கணக்கெடுப்பில் எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் வரைபடத்தில் பெரிய பெரிய வட்டம் போட்டுவிடுவார்கள். ஒருவர் "அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது" என்றால் ஒரு வட்டம், ஒரு மாடு செத்தால் ஒரு வட்டம். வெடிக்கு மட்டுமில்லை, வதந்திக்கும் வேலி உண்டு. நூறு ஏக்கர் சந்தேகக் காணியில் உண்மையான வெடி வரிசை ஒரு ஓரத்தில் இருபது மீற்றர் அகலத்தில் கிடக்கலாம். மிச்சம் முழுவதும் சும்மா பயத்தில் பூட்டிக் கிடக்கும்.

அந்த நிலத்தைத் திறப்பது டிடெக்டர் இல்லை, ஒரு கொப்பியும் பேனையும்தான். ஆய்வுக் குழு ஊருக்குள் வந்து கிராம அலுவலரான விதானையாரைக் கேட்கும், மாடு மேய்ப்பவரைக் கேட்கும், முன்னாள் போராளி யாராவது பேசச் சம்மதித்தால் அவரைக் கேட்கும். காவலரண் எங்கே இருந்தது, ஆட்கள் எந்தப் பக்கத்தால் தண்ணிக்குப் போனார்கள், எந்தப் பற்றையில் ஒரு வெடியும் இல்லாமல் ஐந்து வருடம் மாடு மேய்ந்தது. பதில்களைப் பொருத்திப் பார்த்து, இங்கே ஆதாரமே இல்லை என்றால் அந்த வட்டத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிடுவார்கள். ஆதாரம் இருக்கும் இடத்தில் மட்டும் தோண்டுவார்கள். இந்த வேலை நன்றாக நடந்தால் மாதத்தில் ஒரு கிராமம் திறக்கும். சரியாக நடக்காவிட்டால் வருடக்கணக்காக வெடியே இல்லாத மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்கள், உதவிக் காசும் அதிலேயே கரையும். என்னைக் கேட்டால், மிதிவெடி அகற்றுவதில் அதிகம் பேசப்பட வேண்டியதும் குறைவாகப் பேசப்படுவதும் இந்தக் கொப்பி வேலைதான். புகைப்படத்துக்கு அழகாக இல்லை, அதனால் யாரும் எழுதுவதில்லை.

தோண்டும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் அது விவசாய வேலை போல இருக்கும், அவ்வளவு மெதுவு. ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் தடி நட்டுக் கயிறு. பாதையின் முனையில் குறுக்கே ஒரு தடி கிடக்கும், அதற்கு இந்தப் பக்கம் சுத்தம், அந்தப் பக்கம் தெரியாது. அந்தத் தடிக்கு முன்னால் ஒரு பெண் முழந்தாளில் இருப்பார். கழுத்திலிருந்து தொடை வரை கனமான கவசம், முகத்துக்கு முன்னால் வளைந்த தடித்த பிளாஸ்டிக் மறைப்பு, பங்குனி வெயிலில் அதற்குள் வியர்வை ஆவியாகி அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே படியும். முதலில் புல்லைக் கத்தரியால் வெட்டுவார், வெட்டிய புல்லைக் கையால் பின்னுக்குப் போடுவார். அப்புறம் டிடெக்டர். அது கத்தும். வெடிக்கும் கத்தும், ஆணிக்கும் கத்தும், துப்பாக்கி ரவைக் கோதுக்கும் கத்தும். முகமாலை போன்ற இடத்தில் ஒரு சதுர மீற்றருக்குள் எத்தனை உலோகத் துண்டு! பிளாஸ்டிக் வெடியில் இருக்கும் உலோகம் ஒரு துளி, ஒரு சின்ன ஊசி அளவு, ஆகையால் டிடெக்டரை அலட்சியப்படுத்தவும் முடியாது, நம்பவும் முடியாது.

இந்த இடத்தில் வன்னி மண் உலகத்துக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தது. விறாண்டி. ஆம், இலை கூட்டும் அதே விறாண்டிதான், கொஞ்சம் பலப்படுத்தியது. நீண்ட பிடியுள்ள பாரமான விறாண்டியால் மண்ணைக் கொத்தி இளக்கி, மெல்லிய விறாண்டியால் தன் பக்கம் இழுத்து இழுத்து, மேலிருந்து கீழாக இல்லாமல் பக்கவாட்டில் மண்ணை உரித்துக்கொண்டு போவது. வெடியின் தலையில் அழுத்தம் விழாமல் அதன் இடுப்பில் போய்த் தட்டும் என்பதுதான் சூத்திரம். உலோகத் துண்டு நிறைந்த மணல் நிலத்தில் இது டிடெக்டரைவிட வேகம், உலோகம் குறைந்த வெடியையும் தப்பவிடாது. யுத்தநிறுத்த காலத்தில் இலங்கையில் செம்மைப்பட்ட இந்த முறை பிறகு சர்வதேசக் கையேடுகளில் தனிப் பெயரோடு இடம்பிடித்தது. விலை உயர்ந்த இயந்திரங்களும் வந்தன, கவசம் போட்ட தோண்டி இயந்திரம், சங்கிலி சுழற்றி மண்ணை அடிக்கும் இயந்திரம், மோப்ப நாய்கள்கூட. எல்லாம் உதவின. ஆனால் வெடி இருந்த இடத்தில் கடைசி வேலை பெரும்பாலும் மனிதக் கையுடையதுதான்.

அந்தக் கைகளில் நிறையப் பெண்களுடையவை. போரில் புருஷனை இழந்தவர்கள், வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லாதவர்கள். ஹலோ ட்ரஸ்ட், எம்.ஏ.ஜி. போன்ற வெளிநாட்டு நிறுவனங்களிலும் டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு நிறுவனங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாதச் சம்பளம், சைக்கிள் போய் ஸ்கூட்டி, பிள்ளைக்கு ரியூசன். அப்படி ஒருவரிடம் பயமில்லையா என்று கேட்டேன். "வெடிக்கு என்ன பயம் அண்ணை, அது கிடந்த இடத்திலதானே கிடக்குது. புரொஜெக்ட் முடிஞ்சிட்டா என்ன செய்யிறதெண்டுதான் பயம்" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

இராணுவத்தின் அகற்றும் பிரிவும் பெருமளவு நிலத்தைச் சுத்தம் செய்தது, அதையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்த கையோடு இந்தியாவிலிருந்தும் குழுக்கள் வந்தன. ஒருங்கிணைக்க 2010இல் தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. ஒரு காணி முடிந்ததும் அந்த நிலையம் தரம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும், அது மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய், பிரதேச செயலகத்துக்குப் போய், விதானையார் கையால் காணிக்காரரிடம் வரும். கடதாசி வந்தால் மட்டும் சனம் கால் வைக்காது. அதனால் கையளிக்கும் நாளில் வெடி எடுத்தவர்களே கவசம் இல்லாமல் காணிக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்து காட்டுவதுண்டு. அதைப் பார்த்த பிறகுதான் காணிக்காரர் வேலியைத் தாண்டுவார். சில இடங்களில் அப்போதும் முதலில் மாட்டைத்தான் விடுவார்.

இனி, கொஞ்சம் கசப்பான பகுதி. வெடி எடுத்தால் பாதை திறக்கும் என்ற கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. மெனிக் பாமிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவு கேப்பாபிலவுக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் ஊருக்குப் போகவில்லை, சீனியாமோட்டையில் ஒரு காட்டுத்துண்டில் இறக்கிவிடப்பட்டார்கள். காரணம் மிதிவெடி இல்லை, ஊருக்குள் இராணுவ முகாம். பக்கத்துப் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 தொடக்கத்தில் முகாம் வாசலிலேயே ஒரு மாதம் இரவு பகலாக இருந்த பிறகுதான் அவர்களுடைய காணி விடப்பட்டது. வலிகாமம் வடக்கில் 1990இல் ஓடிய சனத்தில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்தின் வேலிக்கு வெளியே நின்று தங்கள் கோவில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் திறந்தது. இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் அனுமதிக்குக் காத்திருந்து களைத்துப்போய்த் தாங்களே படகுகளில் ஏறித் தீவில் போய் இறங்கிவிட்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த வயலில் மரம் முளைக்கும், முளைத்தது காடு ஆகும், காடு ஆனதும் அது வன இலாகாவின் கல் விழுந்த நிலமாகிவிடும். மன்னாரின் தெற்கே மரிச்சுக்கட்டி, கரடிக்குளி பக்கம் 1990இல் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது, 2012இல் வந்த வர்த்தமானி (அரசிதழ்) ஒன்று அந்தப் பகுதியை ஒதுக்கக் காடாக்கியிருந்தது. அவர்களுடைய காணியில் வெடி இருந்திருந்தால்கூட ஒரு நிறுவனம் வந்து எடுத்துக் கொடுத்திருக்கும். வர்த்தமானியை எடுக்க எந்த டிடெக்டரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கை அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நாடு முழுவதும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் சுதந்திரம் தருகிறது, அடுத்த உறுப்புரையே தேசிய பாதுகாப்பின் பேரில் அதைக் கட்டுப்படுத்தவும் இடம் விடுகிறது. உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள், 1998இல் வந்தவை, இடம்பெயர்ந்தவர் முகாமுக்குள்ளும் வெளியேயும் தாராளமாகப் போய்வரலாம் என்றும், விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கௌரவத்தோடும் திரும்புவதற்கு ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் கடமை என்றும் சொல்கின்றன. இந்த மூன்று சொல்லையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பாதுகாப்பை மட்டும் பிடித்துக்கொண்டு விருப்பத்தைப் பிற்போட்டால் மெனிக் பாம் வருகிறது. விருப்பத்தை மட்டும் பார்த்து அவசரமாக அனுப்பினால் பாதி எடுத்த வெடிக்கு நடுவில் கூடாரம் அடிக்க நேரும். வன்னியில் இரண்டும் நடந்தது, சில குடும்பங்களுக்கு ஒன்றன் பின் ஒன்றாக.

மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. போர் நடந்தபோது அரசாங்கமும் சேரவில்லை, புலிகளும் கைவிடச் சம்மதிக்கவில்லை. இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். சேர்ந்த நாட்டுக்கு உடன்படிக்கை அமுலுக்கு வந்து பத்து வருடத்துக்குள் மண்ணில் இருப்பதை எல்லாம் எடுக்க வேண்டும் என்பது விதி, அதன்படி கெடு 2028 ஜூன் 1. கையிருப்பில் இருந்தவற்றை 2021க்குள் அழித்து முடித்தாயிற்று. மட்டக்களப்பு மாவட்டம் 2017இலேயே மிதிவெடி இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி வடக்கில்தான், அதிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கக் காடுகளில். மொசாம்பிக் 2015இல் முடித்துக் காட்டியது, ஆகையால் முடிக்க முடியாத வேலை இல்லை. ஆனால் காசு வெளியிலிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது உலகம் முழுவதும் அதன் பணத்தில் நடந்த வெடி அகற்றும் வேலைகள் சட்டென்று நின்றன. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, வன்னியில் ஒரு பெண்ணின் மாதச் சம்பளம். முன்பு அவர் சொன்ன பயம் எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

கெடு முடிந்து பலகைகள் எல்லாம் கழன்ற பிறகும் வெடி வரும். வீடு கட்ட அத்திவாரம் வெட்டும்போது, குளம் தூர்வாரும்போது, பனைக்குக் குழி கிண்டும்போது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர்க் குண்டுகள் இன்றும் வருகின்றன. அப்போது வருவதற்குப் பத்து நிறுவனங்கள் இருக்காது, தொலைபேசி அடித்தால் வந்து எடுத்துச் செல்லும் ஒரு நிரந்தரப் பிரிவு வேண்டும். அது இராணுவமா, பொலிஸா, எத்தனை மணி நேரத்தில் வரும், வரும்வரை அந்தக் காணிக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இப்போதே தீர்மானிக்க வேண்டியவை. சிவப்புப் பலகை போட்டுவிட்டு ஆறு மாதம் வராமல் இருந்தால் பழைய கதைதான்.

போன முறை போனபோது முகமாலையில் இறங்கினேன். வேம்பொடுகேணிப் பக்கம் ஒரு ஒழுங்கை. புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் இடுப்பளவு நிற்கின்றன, அரைச்சுவர் எழுப்பிய வீடு, தகரப் படலை. காணி விடுபட்டு மூன்று வருடமாம், முழுக் காணியும் சான்றிதழோடு சுத்தம். கிணற்றடி வீட்டிலிருந்து கண்ணுக்கு நேரே தெரிகிறது, நேராகப் போனால் முப்பது எட்டு. ஆனால் வீட்டுக்கார ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போனது அப்படியில்லை. வலக்கைப் பக்கம் திரும்பி, வேலியோடு கொஞ்சத் தூரம் போய், பிறகு திரும்பி, ஒருவர் பின்னால் ஒருவர் போகக்கூடிய ஒற்றையடிப் பாதையால். முதன்முதலில் வெடி எடுத்த பாதை அதுதான், அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் தடி நட்டிருந்தார்களாம். தடி எப்போதோ போய்விட்டது. நேரே போகலாமே ஐயா என்று கேட்டேன்.

"போகலாம் தம்பி, ஒண்டுமில்லை. எல்லாம் எடுத்தாச்சு" என்றார். சொல்லிக்கொண்டே அந்த வளைவில் திரும்பினார். நடுக் காணியில் அவருடைய மாடு இரண்டு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.